பொதுச் சுகாதாரக் கல்வியில் கைப்பயிற்சி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என் இல்லம் தேடி வந்து கேட்டபோது, 'கல்வியின் சிறப்பு' என்னும் தலைப்பைக் கொடுத்தார்கள். அத்தலைப்பில் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டனர். ஆகவே தலைவர் அவர்களின் இசைவோடு, எனக்குத் தெரிந்த என் தொழிலைப் பற்றியே பேச விரும்புகிறேன். நான் சுகாதார ஆய்வாளராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நம் சங்கத்தின் உதவியால் சுகாதார ஆய்வாளர் படிப்பிலும், செவிலியர் படிப்பிலும், பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பிலும் சேர்ந்துள்ள பிள்ளைகள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். என் பேச்சு பெரும்பாலும் அவர்களுக்கு உரியது. பெற்றோர்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1978 ஆம் ஆண்டு நான் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எந்த நிலையம் என்பது இங்குத் தேவையில்லை. எங்கள் குழுவில் பன்னிருவர். கிணற்று நீரைத் தூய்மை செய்யும் பாடத்தை வகுப்பறையில் முடித்த பின், பக்கத்துச் சிற்றூருக்கு எங்களை அழைத்துச் சென்றனர். பயிற்றுநர் எங்களை ஒருமுறை நோக்கினார்; பிறகு என்னைப் பார்த்து, "நீ இறங்கப்பா, உனக்குப் பழக்கம் இருக்கும்" என்றார். எனக்குப் பழக்கம் இருக்கும் என்பதை அவர் எதனால் அறிந்தார் என்று இந்த அவையில் விளக்க வேண்டுவதில்லை. வாளி தூக்குவது, கயிறு பிடிப்பது, மருந்து கரைப்பது, படியிறங்கி நீரைக் கலக்குவது ஆகியவை என் பங்காகவும், என்னோடு பயின்ற இன்னோர் ஆதிதிராவிட மாணவரின் பங்காகவும் ஆயின. கயிற்றை அளந்து குறிப்பேட்டில் எழுதுவதும், பெருக்கிக் கணக்கிடுவதும், ஊர்ப் பெரியவர்களோடு பேசுவதும் மற்றவர்களின் பங்காயின. ஆறு கிணறுகளுக்குச் சென்றோம். ஆறிலும் அவ்வாறே நடந்தது. பயிற்சியின் முடிவில் களப்பணிக்காக எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

1981 ஆம் ஆண்டு முதற்பணியில் அமர்ந்த சில மாதங்களில், என் எல்லைக்குட்பட்ட ஓர் ஊரின் சேரியில் வாந்திபேதி கண்டது. சேரிக்கென்று இருந்தது ஒரே கிணறு. மேலலுவலர் வர மறுநாள் ஆகும். நான் தனியே நின்றேன். கிணற்றின் விட்டத்தை அளந்தேன், இரண்டு மீட்டர். நீரின் ஆழம் நான்கு மீட்டர். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதனை ஆழத்தால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். பன்னிரண்டரைக்குச் சற்று மிகுதி, அதாவது ஏறத்தாழ 12,560 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரைக் கிராம் என்பது பொது அளவு. ஆகவே போட வேண்டியது முப்பது கிராமை ஒட்டிய அளவே. நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்கால் வகுக்க மறந்தேன். அதற்கு மேல், நோய்க்காலமாயிற்றே என்று ஒரு கைப்பிடியும் கூட்டினேன். தேர்வுத்தாளில் அக்கணக்கை நூறுமுறை சரியாக எழுதியிருப்பேன். கிணற்று மேட்டில் நின்று, சுற்றிலும் மக்கள் அழுது நிற்க, ஒருமுறையேனும் அதனைப் போட்டுப் பழகியவன் அல்லன் நான்.

மறுநாள் காலையில் யாராலும் அந்நீரை வாயில் வைக்க முடியவில்லை. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குச் சென்றுவிட்டனர். நோய் எதிலிருந்து வந்ததென நான் ஐயுற்றேனோ அதே ஓடை! மேலும் பலர் படுத்தனர். உயிர்ச்சேதம் இன்றி அது அடங்கியதற்கு என் திறமை காரணம் அன்று. அங்கிருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னது இன்றும் என் செவியில் உள்ளது: "நம்ம பிள்ள வந்து போட்ட மருந்துன்னுதான் தம்பி குடிச்சுப் பாத்தோம்." அவர் சினந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து, அன்று குறிப்பேடு பிடித்த நண்பர் ஒருவரை அலுவல் கூட்டத்தில் கண்டேன். நான் என் கதையைச் சொல்ல, அவர் தம் கதையைச் சொன்னார். அவர் போட்ட கணக்கு சரியாகவே இருந்ததாம். ஆனால் பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டிவிட்டாராம். அதனை முதலில் வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்து, அவ்வாளியை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்ட வேண்டும் என்பது அவருக்குக் கைவரவில்லை. சுண்ணாம்புக் கசடு கிணற்றில் விழுந்து நீரைக் கடினமாக்கிற்று. ஆக, ஒரு தொழிலை இருவராகப் பிரித்து ஆளுக்குப் பாதி கற்பித்து, இருவரையும் அரைகுறையாக அனுப்பியிருந்தனர். பாதிக்கப்பட்டது மட்டும் ஊர் மக்கள்.

மாணவ நண்பர்களே! கைப்பயிற்சி என்னும் சொல்லை இன்று எல்லாக் கல்லூரிகளும் தம் அறிவிப்புகளில் அச்சிடுகின்றன. அச்சொல்லுக்குப் பொருள் கூறுமாறு என்னைக் கேட்டால், அந்தக் கிணற்று வேலையையே முழுமையாகச் சொல்வேன். பவுடர் மூட்டை பல நாள் திறந்து கிடந்தால் குளோரின் பறந்துபோகும். ஆகவே எழுதிவைத்த அளவை நம்பாமல் முதலில் பவுடரின் வலிமையைச் சோதிக்க வேண்டும். அதற்கென ஹாராக்ஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. ஆறு வெள்ளைக் கோப்பைகளும் ஒரு கறுப்புக் கோப்பையும் அதில் இருக்கும். எத்தனையாவது கோப்பையில் நீலம் தோன்றுகிறது என்பதைப் பார்த்து அளவை அறியலாம். நீலம் எது, சாம்பல் கலந்த மங்கல் எது என்பதைக் கண்தான் கற்க வேண்டும், புத்தகம் கற்பிக்காது. மருந்திட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இவ்வேலையை இரவில், நீரிறைப்பு ஓய்ந்த பின் செய்தல் நலம். எப்போது ஓயும் என்பதை நீரிறைக்கும் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். அவர்களிடம் எப்படிக் கேட்பது, என்ன வாடை வரும், எத்தனை நேரத்தில் போகும், ஏன் அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வாறு என்பனவும் அத்தொழிலின் பகுதிகளே. அன்று நான் அந்த மூதாட்டியிடம் முதல் நாளே கால்மணி நேரம் பேசியிருந்தால், தவறான அளவைக்கூட ஒரு வாளி நீரில் கண்டுபிடித்திருப்போம்.

கிணறுகள் குறைந்து மேல்நிலைத் தொட்டிகள் வந்துவிட்டன என்பீர்கள். உண்மையே. தொழில் மாறவில்லை. தொட்டியடியில் உள்ள குழாயில் சோதித்து, 'சரி' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும் ஆய்வாளரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சு குளோரின் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்பதைக் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். பல ஊர்களில் கடைசிக் குழாய் எந்தத் தெருவில் இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நம் முன்னோர் நீருக்காக நடத்திய போராட்டத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1924 ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருக்களும் கிணறுகளும் எல்லா வகுப்பினர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்தார்கள். 1927 மார்ச் 20 ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார்கள். நீரைத் தொடும் உரிமையை அவர்கள் கேட்டனர். தொட்ட நீரில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் தகுதியை நம் பிள்ளைகள் பெற வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை எல்லாரும் அறிவர். குழந்தைகள் நோயுற்றனர், மருத்துவமனையில் குடிநீரைப் பாருங்கள் என்றனர், அத்தெருவினரே தொட்டிமீது ஏறிப் பார்த்தபோதுதான் மலம் கலந்திருந்தது தெரிந்தது. வழக்கைப் பற்றி நான் பேசவில்லை. மேலே ஏறிப் பார்த்தவர்கள் அங்குக் குடியிருந்தவர்கள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இதே படிப்பினை இத்துறையின் தொடக்க வரலாற்றிலேயே உள்ளது. 1854 ஆம் ஆண்டு இலண்டனில் சோகோ பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் ஜான் ஸ்னோ வீடுவீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கே நீர் பிடித்தனர் என்று கேட்டார். பிராட் தெருக் குழாயே காரணம் என்று கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884 இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கிருமி இன்னதென அறியாமலே, கேட்டும் எண்ணியும் நோயின் மூலத்தைக் கண்டறிந்தார் ஸ்னோ. இதனை எல்லா மாணவரும் படிக்கின்றனர். ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் பாதிரியாரைப் பற்றிப் பலர் படிப்பதில்லை. அவர் அத்தெருக்களிலேயே பணியாற்றியவர். முதலில் ஸ்னோவின் கருத்தை மறுத்தவர். பொய்ப்பிக்கும் நோக்கோடு வீடுவீடாகத் திரும்பத் திரும்பச் சென்று கேட்டவர், அக்கருத்து உண்மை என்பதை ஒப்புக்கொண்டார். அதுமட்டுமன்று; முதலில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், குழாய்க் கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தவரும் அவரே. தெருவினர் அவருக்கு வாய் திறந்தனர். அறிமுகம் இல்லாதவருக்குத் திறந்திருப்பார்களோ என்பது ஐயமே. நம் பிள்ளைகளுக்கு இந்த அறிமுகம் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அதனை வெட்கத்துக்கு உரியதாகக் கருதி மறைக்கும் மாணவர்களைக் கண்டு நான் வருந்தியதுண்டு.

இனிப் பெற்றோர்க்கு உரிய பகுதி. சென்ற ஆண்டு தந்தை ஒருவர் என்னிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டார்: "சாக்கடையில் கை வைக்க வேண்டாம் என்றுதானே ஐயா படிக்க வைத்தேன்? நீங்கள் மறுபடியும் கை வைக்கச் சொல்கிறீர்களே?" அவர் வாழ்நாள் முழுதும் நகராட்சியில் துப்புரவுப் பணி செய்தவர். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனைப் புறந்தள்ளிவிட்டு நான் மேலே பேச முடியாது.

நான் கூறும் கைப்பயிற்சியில், மலக்குழிக்குள் மனிதன் இறங்கும் வேலைக்கு இடமில்லை. அதனைத் தடுக்கும் சட்டம் 1993 இலும், மேலும் விரிவாக 2013 இலும் இயற்றப்பட்டது. அவ்வேலையில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. பணத்தால் ஈடாகுமா என்பது வேறு. சுகாதாரம் பயிலும் மாணவன் இங்குக் கற்க வேண்டியது யாதெனில், குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் இயல்பு. சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். 'இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்று எண்ணிய எத்தனையோ பேர் மேலே வரவில்லை. வாயு அளவைக் காட்டும் கருவியைக் கையாளத் தெரிந்தவனாய், சட்டம் அறிந்தவனாய், ஒப்பந்தக்காரரை நோக்கி "யாரும் இறங்கக் கூடாது, வண்டியைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லக்கூடியவனாய் அந்தத் தந்தையின் மகன் குழியின் விளிம்பில் நிற்க வேண்டும். அதைத்தான் நான் அவரிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார் என்று சொன்னால் பொய்யாகும். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

மறுபுறத்திலும் ஒரு குறை வளர்ந்து வருகிறது. முதுகலை பயிலும் பிள்ளைகள் சிலர், கணினியில் வரைபடம் தீட்டுவதே பொதுச் சுகாதாரம் என எண்ணுகின்றனர். வீடுவீடாகச் சென்று நிரப்ப வேண்டிய படிவத்தை மரத்தடியில் அமர்ந்து நிரப்பிய கதைகளும் என் காதுக்கு எட்டியுள்ளன. டெங்குக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு உண்டு என்று கணக்கிடத் தெரியும்; தொட்டியில் கைவிளக்கைப் பாய்ச்சி, புழு நீர்மட்டத்தில் படுத்திருக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று பார்க்கத் தெரியாது. படுத்திருந்தால் மலேரியாக் கொசுவின் இனம், தொங்கினால் வேறு. நீரைக் கொட்டினால் போதும் என்பர். டெங்குக் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டி, நீரின்றியே பல மாதம் உயிரோடு கிடக்கும். தேங்காய்நார் கொண்டு தேய்த்தால்தான் போகும். ஒருமுறை தேய்த்துப் பார்த்தவன், அவ்வேலைக்கு எத்தனை நேரம் ஆகும், வேலைக்குப் போகும் தாய் வாரந்தோறும் அதனைச் செய்ய இயலுமா என்பதை அறிவான். அறிந்தபின் அவளைக் கடிந்துரைக்க மாட்டான்.

எழுத்தறிவே இல்லாதவர்க்கும் இத்தொழிலைக் கற்பிக்கலாம் என்பதை மெய்ப்பித்த இடம் ஒன்று உண்டு. மகாராட்டிரத்தில் ஜாம்கேட் என்னும் வறண்ட வட்டாரத்தில் 1970 இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் பணி தொடங்கினர். படித்த செவிலியரைக் கிராமங்களில் தங்க வைத்துப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. பின்னர் அவ்வவ்வூர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்றினர். அவர்களுள் தலித் பெண்கள் பலர். எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர். வாரந்தோறும் கூடுவர், ஒன்றைப் பார்ப்பர், செய்வர், தாம் கண்டதை மற்றவர்க்கு எடுத்துச் சொல்வர். அப்பெண்கள் மகப்பேறு பார்த்தனர், குழந்தைகளை எடை போட்டனர், வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தாய்மார்க்குக் கற்பித்தனர். ஆரோலே தம்பதியர்க்கு 1979 இல் மகசேசே விருது கிடைத்தது. குழாய்க் கிணறு தோண்ட இடம் பார்த்தபோது தலித் குடியிருப்பிலேயே தோண்டச் செய்தனர் என்பதும், மற்றத் தெருவினர் அங்கு வந்தே நீரெடுக்க நேர்ந்தது என்பதும் அவர்கள் பணியைப் பற்றிப் பலரும் எடுத்துக் கூறும் செய்தி. அதைப் படித்த நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1971 இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அவர்கள் இக்கரைசலையே உறவினர் கையில் கொடுத்து நோயாளிக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தேக்கரண்டி தலைதட்டிச் சர்க்கரை ஆறு, உப்பு அரை, அவ்வளவே. இதனை ஒரு தாய்க்குச் சொல்லிவிட்டு வருவதைச் சுகாதாரக் கல்வி என்று எண்ணாதீர்கள். அவள் வீட்டுச் செம்பில் ஒரு லிட்டர் எதுவரை வரும் என்று அவளையே அளக்கச் செய்து, அவளையே கலக்கச் செய்து, சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மீண்டும் கலக்கட்டும்.

இப்பொழுது நம் மாணவர்க்கு ஓர் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அளத்தல், கணக்கிடுதல், கரைத்தல், சோதித்தல், மக்களோடு பேசுதல், அறிக்கை எழுதுதல் என உங்கள் படிப்பில் உள்ள வேலைகளை இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் மூன்று பத்திகள்: பார்த்தது, துணையோடு செய்தது, தனித்துச் செய்தது. நாளும் தேதியிட்டு வாருங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டுங்கள். 'கரைத்தல்' நிரம்பிக் 'கணக்கிடுதல்' வெறுமையாக இருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பயிற்றுநரிடம் பணிவோடு சென்று, "ஐயா, அடுத்த முறை கணக்கு நான் போடுகிறேன்" என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் சங்கத்துக்கு எழுதுங்கள்; செயலாளரும் நானும் நேரில் வருகிறோம். 1978 இல் எனக்கு அப்படி வர ஒருவரும் இருந்ததில்லை. அதுபோலவே 'கரைத்தல்' வெறுமையாக இருந்தாலும் கேளுங்கள்.

நம் விடுதிக்குப் பின்னால் உறைகிணறு ஒன்று உள்ளது. தொட்டியும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதனை அளக்கப் போகிறோம். சோதனைப் பெட்டி வாங்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. கயிறும் இரண்டு வாளிகளும் நான் கொண்டு வருகிறேன். நோட்டுக் கொண்டு வர வேண்டியது நீங்கள். யார் இறங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அதே போல் யார் கணக்குப் போடுவது என்பதையும்.